குண்டின் பருமனே பலம் என்பாருக்கு

கவரைப்பேட்டை தொடங்கிக் கும்மிடிப்பூண்டி வரையில், சிப்காட் தொழிற்சாலைகளின் மதிற்சுவர்களும் அவற்றை ஒட்டியே நெல்லும் வேர்க்கடலையும் சவுக்குமாக மாறிமாறி வருகின்ற இந்தப் பிரதேசத்தில், பயிரைக் கிளறிப் பாழாக்கும் காட்டுப்பன்றியைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், துப்பாக்கியைத் தொட்டறியாதவர் முதல் ஓரளவு பழகியவர் வரை ஒருமுகமாகச் சொல்லும் ஓர் அபிப்பிராயம் உண்டு. குண்டு என்பது வெறும் ஈயத்துண்டு. அது பருத்துக் கனத்து வேகமாகப் போனால் மிருகம் நின்ற இடத்திலிருந்து தூக்கி எறியப்படும். அதன் மூக்கு எப்படி, அடிப்பாகம் எப்படி, மேலுறை எவ்வளவு தடிப்பு என்பதெல்லாம் தோட்டா விற்பவர்களின் விளம்பரப் பேச்சு என்பதே அது. காப்புக்காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரழிக்கும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம் என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தபின், ஒரு ஜீவன் உடனே சாவதா, குடல் கிழிந்து தோப்புக்குள் நாட்கணக்கில் கிடந்து சாவதா என்பதை நிர்ணயிக்கும் விஷயமாக இது ஆகிவிட்டபடியால், அந்தக் கூற்றின் ஒவ்வோர் அம்சத்தையும் எடுத்துப் பரிசீலிப்பது என் கடமை என்று கருதுகிறேன்.

முதலாவது, தூக்கி எறிவது. முப்பது-நாட் ஆறு ரைபிளிலிருந்து 11.7 கிராம் எடையுள்ள குண்டு வினாடிக்கு ஏறக்குறைய 820 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அந்த வேகம் சற்றும் குறையாமல் அறுபது கிலோ எடையுள்ள பன்றியின் உடலில் தைத்து அங்கேயே தங்கிவிடுவதாக வைத்துக்கொண்டாலும், நியூட்டனின் விதிப்படி அப்பன்றி அடையக்கூடிய வேகம் வினாடிக்குப் பதினாறு சென்டிமீட்டர்தான். நாம் நிதானமாக நடக்கும் நடையில் எட்டில் ஒரு பங்கு. குண்டுக்கு எவ்வளவு உந்தமோ அதற்குக் குறையாத உந்தம் சுடுகிறவருடைய தோளில் பின்னடியாக இறங்குகிறது. அவர் தூக்கி எறியப்படாதபோது பன்றி மட்டும் ஏன் எறியப்பட வேண்டும்? மிருகம் சட்டென்று சாய்வது மூளையோ முதுகுத்தண்டோ சிதையும்போது மட்டுமே. இருதயத்திலோ நுரையீரலிலோ பட்டால், மூளைக்கு இரத்தம் வற்றும் வரையில், பத்துப் பதினைந்து வினாடிகள் வரை அது ஓடக்கூடும். ஆகவே குண்டின் வேலை இடிப்பதில் இல்லை. உள்ளே சென்று, உயிர்நிலையை எட்டி, அங்கே போதிய அளவு திசுவைக் கிழிப்பதில் இருக்கிறது. இந்த ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றவை தாமே தெளிவாகும்.

இரண்டாவது, பருமன். பன்னிரண்டு போர் துப்பாக்கியின் உருண்டைக் குண்டைப் பார்த்தவர்கள் அதன் பயங்கரத் தோற்றத்தில் மயங்கிப்போவது இயல்பே. பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஈயம், அதாவது 37.8 கிராம், பதினெட்டரை மில்லிமீட்டர் விட்டம். ஆனால் ஏழு மில்லிமீட்டர் ரைபிளின் நீண்ட குண்டு 11.2 கிராமே எடையுள்ளதாயினும், தன் குறுகிய முகத்தின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் பின்னால் அந்த உருண்டையைப்போல ஏறக்குறைய இரு மடங்கு எடையைக் கொண்டு செல்கிறது. தசையையும் எலும்பையும் ஊடுருவும் சக்தி மொத்த எடையைக் காட்டிலும் இந்த விகிதத்தையே பெரிதும் சார்ந்தது. கரமோஜோ பெல் என்று பிரசித்தி பெற்ற ஸ்காட்லாந்து வேட்டைக்காரர், யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தைக் கற்றுக்கொண்டு, ஆப்பிரிக்காவில் தாம் வீழ்த்திய ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளில் பெரும்பாலானவற்றை, முழு உலோக உறை போர்த்த மொட்டை மூக்குடைய இந்த ஏழு மில்லிமீட்டர்க் குண்டாலேயே வீழ்த்தினார். அத்தனை யானைகள் மடிந்த செய்தி இன்று நெஞ்சை வருத்துகிறது. ஆயினும் பருமன் பற்றிய வாதத்துக்கு அதைவிடத் திட்டமான மறுமொழி இல்லை.

கனமான பொருளைக் காற்று தடுப்பதில்லை என்னும் நம்பிக்கையும் இதன் உடன்பிறப்பே. பெஞ்சமின் ராபின்ஸ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர், ஊசலாடும் மரக்கட்டையில் குண்டைப் பாயவிட்டு அதன் வேகத்தை அளக்கும் முறையைக் கண்டு, 1742-ல் வெளியிட்ட நூலில், பாயும் குண்டைக் காற்று எதிர்க்கும் பலம் அக்குண்டின் எடையைப்போலப் பல மடங்கு என்று நிரூபித்தார். அவர் பின்பு கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் செப்பனிடும் பொறியாளராக நம் கரைக்கு வந்து, 1751-ல் கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் காய்ச்சலால் காலமானார். குண்டின் பாய்ச்சலைச் சாஸ்திரமாக்கிய முன்னோடி தமிழ் மண்ணில் மறைந்தார் என்பதை நம்மில் வெகு சிலரே அறிவர்.

மூன்றாவது, வேகம். இங்கேதான் நுட்பம் அதிகம். சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வேட்டைக் குண்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து நெடுக்காக அறுத்துப் பாருங்கள். உள்ளே மங்கிய ஈயம். அதைச் சுற்றிச் செம்பு கலந்த மெல்லிய உறை. அந்த உறை நுனியில் தாள்போலத் தேய்ந்து ஈயத்தை வெளிக்காட்டி நிற்கும். கீழே போகப்போகத் தடித்து, அடியில் மூடிக்கொள்ளும். சிப்காட்டில் லேத்துப் பிடித்துப் பழகியவர் எவரும் ஒரு பார்வையிலேயே இது தற்செயலாக வந்த தடிப்பு அன்று என்று சொல்லிவிடுவார். உடலில் தைத்தவுடன் நுனி பின்னோக்கி மடிந்து குடைக்காளான்போல விரிய வேண்டும். ஆனால் அடிவரை பிளந்து பொடிப்பொடியாகச் சிதறக் கூடாது. விரிவு எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்பதை அந்த உறையின் தடிப்பே தீர்மானிக்கிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கென்று அமைத்த உறையை அதற்கு மேற்பட்ட வேகத்தில் எலும்பின்மேல் மோதவிட்டால், குண்டு தோளிலேயே உடைந்து, மேலெழுந்த பெரும் புண்ணோடு மிருகத்தை உயிருடன் ஓடவிடும். முதிர்ந்த ஆண் பன்றிக்குத் தோளின்மேல் குருத்தெலும்பைப்போல் இறுகிய கேடயம் ஒன்று உண்டு. சேற்றில் புரண்டு காய்ந்த மயிரும் அதன்மேல் சேர்ந்துகொள்ளும். மெல்லுறைக் குண்டுகள் அதிவேகத்தில் தோற்றுப்போகும் இடம் அதுவே.

அமெரிக்காவில் ஜான் நாஸ்லர் என்பவர் 1946-ல், சேறு அப்பிய பெரிய மூஸ் மான் ஒன்றைத் தம் அதிவேக ரைபிளால் பலமுறை சுட்டும் குண்டுகள் தோளிலேயே உடைந்து ஊடுருவாமல் போனதைக் கண்டு மனம் நொந்து, நடுவே ஒரு செம்புச் சுவர் வைத்து முன் ஈயத்தையும் பின் ஈயத்தையும் பிரித்துவிட்ட குண்டை அமைத்து, 1948-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முன்பாதி விரியும், சுவருக்குப் பின்னுள்ளது கட்டுக்குலையாமல் ஆழமாகச் செல்லும். வேகத்தைச் சற்றும் குறைக்காமலே, அமைப்பை மாற்றியதனால் மட்டும் அவர் வெற்றி கண்டார்.

இதற்கு நேர்மாறான சான்று நம் தேசத்திலேயே இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் படையின் 303 ரைபிளுடைய முழுவுறைக் குண்டு, 1895-ல் சித்ரால் போரில் எதிரிகளின் உடலில் ஊசிபோல் நுழைந்து வெளியேறிவிடுகிறதேயன்றித் தடுத்து நிறுத்துவதில்லை என்று முறையீடு எழவே, கல்கத்தாவை அடுத்த டம் டம் ஆயுதசாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே என்பவர் நுனி உறையை மட்டும் நீக்கி ஈயத்தை வெளியே விட்டார். ரைபிள் அதுவே, துளையின் அளவும் அதுவே, மூக்கு ஒன்றுதான் மாறியது. விளைந்த காயங்களின் கொடுமையைக் கண்டு 1899-ல் ஹேக் மாநாடு அத்தகைய குண்டுகளைப் போரில் தடைசெய்தது. மூக்கின் அமைப்பு விளம்பரப் பேச்சாக இருந்தால், தேசங்கள் கூடி அதைத் தடைசெய்திருக்க வேண்டிய காரணமே இல்லை. போரில் கொடுமையென்று விலக்கப்பட்ட அதே அமைப்பு, விரைந்த மரணத்தைத் தருவதால், மிருகத்துக்குக் கருணையாகிறது. இங்கிலாந்தின் 1991-ஆம் ஆண்டு மான் சட்டம், ரைபிளால் மான் சுடுவோர் விரியும் குண்டையே உபயோகிக்க வேண்டும் என்று விதிப்பது இதனால்தான்.

கூர்நுனி சற்றே நசுங்கினாலும் குறி தவறும் என்போர் உள்ளனர். அதற்கு நீண்ட மறுப்பு வேண்டியதில்லை. அமெரிக்க மருத்துவரான பிராங்க்ளின் மான், வேண்டுமென்றே மூக்கைச் சிதைத்த குண்டுகளையும் அடியைச் சிதைத்த குண்டுகளையும் சுட்டுப் பார்த்து, 1909-ல் வெளியிட்ட நூலில், மூக்கின் குறை அதிகம் கெடுப்பதில்லை, அடிப்பாகத்தின் குறையே குறியைப் பெரிதும் கெடுக்கிறது என்று காட்டிவிட்டார். குழல்வாயை விட்டு விலகும் அந்தக் கடைசிக் கணத்தில் வாயு முட்டித் தள்ளுவது அடிப்பாகத்தையே அல்லவா?

அடிப்பாகத்துக்கு மற்றொரு பெருமையும் உண்டு. நம் ஊர்ப்பக்கத்தில் அதுவே அபாயமும் ஆகலாம். அமெரிக்கப் படையின் பழைய தட்டையடிக் குண்டு ஏறக்குறைய 3,100 மீட்டர் சென்று விழுந்தது. பின்னர் அடியைப் படகின் பின்புறம்போல் ஒடுக்கி, எடையையும் சற்றே கூட்டியபோது, அதே வகை ரைபிளிலிருந்து 5,000 மீட்டர் சென்றது. பயிற்சித் திடல்களின் எல்லை அதற்குப் போதாமையால், அவர்கள் மீண்டும் தட்டையடிக்கே திரும்பினார்கள். வயலுக்கு அப்பால் தொழிலாளர் குடியிருப்பும், அதற்கு அப்பால் சென்னை ரயில் பாதையும், தேசிய நெடுஞ்சாலையும் உள்ள இந்தச் சமவெளியில், மிருகத்தைத் துளைத்து வெளியேறிப் போகும் முழுவுறை இராணுவக் குண்டைப் பிரயோகிப்பது எவ்வளவு விபரீதம் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இனி, எதிர்த்தரப்பின் வாதங்களில் வலிமையானது ஒன்று உண்டு. அதை மரியாதையுடனே அணுகுகிறேன். குறி சரியாக இருந்தால் எந்தக் குண்டும் கொல்லும் என்பது அது. குறியே முதன்மை என்பதில் எனக்கு ஐயமில்லை. பெல் யானைகளை வீழ்த்தியதும் அதனாலேதான். ஆனால் குறி என்பது தோலின்மேல் ஒரு புள்ளி. இருதயமோ, பன்றிக்கு, முன்னங்கால்களுக்கு இடையே தாழ்ந்து, கேடயத்துக்கும் எலும்புக்கும் பின்னால் மறைந்து கிடக்கிறது. புள்ளியிலிருந்து இருதயம் வரையுள்ள அந்த ஒரு சாண் வழியைச் சுடுகிறவனுடைய கண்ணும் கையும் கடக்க முடியாது. குண்டுதான் கடக்க வேண்டும். அது தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சம்பாவத் பெண்புலி சாட்சி. 436 மனிதரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட அப்புலியை 1907-ல் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் வீழ்த்தியபோது, அதன் வலப்புறக் கோரைப்பற்கள் மேலே பாதியாகவும் கீழே எலும்புவரையும் உடைந்திருந்தன. எவரோ முன்னம் சுட்ட வெடிக்காயம். அதனால் இயல்பான இரையைப் பிடிக்க இயலாமல் அது மனிதரைத் தேடிற்று. அந்தச் சேவைக்காகக் கார்பெட்டுக்குப் பரிசாக வந்த ரைபிளும் ஏழு மில்லிமீட்டர் ரிக்பிதான். 1926-ல் ருத்ரப்பிரயாகைச் சிறுத்தையையும் அவர் அதனாலேயே வீழ்த்தினார்.

ஈயம் தீங்கற்றது என்னும் இறுதி நம்பிக்கையும் இதனோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. உடைந்த குண்டின் ஈயத்துகள் இறைச்சியிலும் எறிந்த குடலிலும் தங்குகிறது. அதைத் தின்னும் கழுகினங்கள் நஞ்சேறிச் சாகின்றன. காண்டர் என்னும் பெருங்கழுகு அவ்வாறு அழிவதைக் கண்ட கலிபோர்னியா, 2019 முதல் வேட்டையில் ஈயக்குண்டையே முற்றிலும் தடுத்துவிட்டது. 1989-ல் பார்ன்ஸ் நிறுவனம் கொண்டுவந்த முழுச்செம்புக் குண்டு போன்றவை, நான்காக மடிந்து விரிந்தும் சிதறாமல், அந்த இடத்தை நிரப்பி வருகின்றன. பழவேற்காட்டு ஏரியின் சேற்றில் பழைய வேட்டைக்காலத்து ரவைகள் எத்தனை புதைந்துள்ளனவோ. அவற்றைக் கூழாங்கல் என்று விழுங்கும் வாத்துக்கு அந்த ஈயம் இன்றும் நஞ்சே.

1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு நம் நாட்டில் வேட்டை விளையாட்டாக இருக்க இடமில்லை. நான் எழுதுவதும் அதற்காக அன்று. சுட்டுத்தான் தீரவேண்டும் என்று அரசே முடிவு செய்யும் அந்தச் சில சந்தர்ப்பங்களில், யார் சுடலாம், எங்கே சுடலாம் என்று எழுதும் அதே தாளில், எந்தக் குண்டால் சுட வேண்டும் என்பதும் எழுதப்பட வேண்டும்: பன்றியின் தோளைக் கடந்து விரியும் அமைப்புடையது, கூடுமாயின் செம்பாலானது, முழுவுறை இராணுவக் குண்டு எக்காரணத்தாலும் ஆகாதது என்று. சுடுகிற காவலரும், அக்குண்டை அதே ரைபிளில் இட்டு, அதே தூரத்தில் இலக்குப் பலகையில் சுட்டுப் பார்த்த பிறகே வயலுக்குள் இறங்க வேண்டும்.