ஆளுக்கு ஒரு மாடு... நாட்டுக்கு ஒரு யுனிவர்சிட்டி!



'கன்சல்டன்ட்' என்றதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வர்றாங்க? கோட்டு, டை, லேப்டாப்போடு ஃபிளைட்டில் வந்து இறங்கி, ரெண்டு மாசம் ஹோட்டலில் தங்கி, தலையணை சைஸுக்கு ஒரு ரிப்போர்ட்டைக் கொடுத்துட்டு அடுத்த ஃபிளைட்டைப் பிடிக்கிற ஆசாமிதானே? ஏழை நாடுகளுக்கு இப்படி வந்துபோன நிபுணர்கள் ஏராளம். ரிப்போர்ட் பீரோவுக்குள் போயிடும். அதைச் செய்து முடிக்க உள்ளூரில் ஆள் இருக்காது. அடுத்த சிக்கல் வந்தால் திரும்பவும் அதே நிபுணருக்குத்தான் போன்!

இதிலிருந்து மீண்டு வர ஒரு நாடு என்ன பாடுபட்டது தெரியுமா? வாங்க, போட்ஸ்வானா வரைக்கும் போய்ட்டு வரலாம்.

தென் ஆப்பிரிக்காவுக்கு வடக்கே இருக்கிற நாடு. பெரும்பகுதி கலஹாரி பாலைவனம். 1966 செப்டம்பர் 30-ல் பிரிட்டிஷாரிடமிருந்து சுதந்திரம் கிடைத்தபோது, மொத்த நாட்டிலும் தார் ரோடு சுமார் 12 கிலோமீட்டர்தான். பட்டதாரிகள்? வெறும் 22 பேர்! உங்க கிளாஸில் பாதிகூட தேறாது. அவ்வளவு ஏன், 1965 வரைக்கும் அந்த நாட்டின் நிர்வாகத் தலைநகரமே எல்லைக்கு வெளியே, தென் ஆப்பிரிக்காவின் மாஃபெகிங் ஊரில் இருந்தது.

முதல் ஜனாதிபதி செரெட்சே காமா முன்னால் ரெண்டு சுலபமான வழி இருந்தது. வெளிநாட்டு அதிகாரிகளை மொத்தமா அனுப்பிட்டு, பழக்கமில்லாத நம்மாளுங்களை நாற்காலியில் உட்கார வைப்பது ஒண்ணு. எல்லாத்தையும் அவங்க கையிலேயே விட்டுடறது இன்னொண்ணு. காமா ரெண்டையும் தொடலை. வெளிநாட்டுக்காரங்களைக் காண்ட்ராக்டில் வைத்து வேலை வாங்கினார். உள்ளூர் இளைஞர்களை ஸ்காலர்ஷிப்பில் படிக்க அனுப்பினார். படிப்பும் அனுபவமும் சேர்ந்த பிறகுதான் நாற்காலி கை மாறியது. 'ஏன் இவ்வளவு லேட்?' என்று படித்தவர்களே கோபப்பட்டாங்க. அந்தக் கோபத்திலும் நியாயம் இருந்தது!

சரி, இவ்வளவு பொறுமைக்கு என்ன பலன்? 1967-ல் ஒராபாவில் வைரம் கிடைத்தது. தோண்ட வந்த டி பியர்ஸ் கம்பெனியோடு ஆரம்பத்தில் அரசுக்கு 15 சதவீதப் பங்கு. கணக்கு தெரிஞ்ச ஆட்களோடு திரும்பத் திரும்பப் பேரம் பேசி, 1975-ல் அதை 50 சதவீதம் ஆக்கினாங்க. அடுத்த வருஷமே தென் ஆப்பிரிக்காவின் ராண்டை விட்டுட்டு சொந்தக் கரன்சி. பெயர் 'புலா'. அவங்க பாஷையில் மழை என்று அர்த்தம். பாலைவனக்காரங்களுக்குப் பணம்னா மழைதானே! திட்டத் துறையில் ஆபீசராக வேலை பார்த்த ஃபெஸ்டஸ் மோகாயே 1980-ல் மத்திய வங்கி கவர்னர் ஆனார். 1998-ல் நாட்டுக்கே ஜனாதிபதி.

இனிமேதான் மேட்டரே. அதுவரை லெசோத்தோ, ஸ்வாஸிலாந்து ரெண்டோடும் சேர்ந்து ஒரே யுனிவர்சிட்டி நடத்தினாங்க. 1975-ல் லெசோத்தோ பிரிஞ்சு போயிடுச்சு. சொந்தமா கட்டப் பணம்? 1976-ல் காமா ஜனங்ககிட்டயே கேட்டார். 'மோத்தோ லே மோத்தோ கோமோ', அதாவது ஆளுக்கு ஒரு மாடு! மாடு இருந்தவங்க மாடு கொடுத்தாங்க. இல்லாதவங்க தானியம், முட்டை, கையிலிருந்த காசு. 1982-ல் போட்ஸ்வானா யுனிவர்சிட்டி தனியாக எழுந்து நின்றது. கேம்பஸில் ஒரு மனிதன் மாடு ஓட்டிக்கொண்டு வருகிற வெண்கலச் சிலையை இன்றும் பார்க்கலாம். 1995-ல் அரசுக்கு ஆலோசனை சொல்ல 'பிட்பா' என்ற ஆராய்ச்சி நிறுவனத்தையும் சொந்த மண்ணிலேயே தொடங்கினாங்க.

எல்லாம் சுபம்னு நினைக்காதீங்க. இன்று அங்கே டிகிரி வாங்கிட்டு வேலை இல்லாமல் நிற்கிற இளைஞர்கள் நிறைய. 2023-க்குப் பிறகு வைர வியாபாரம் படுத்துவிட்டதால் நெருக்கடி இன்னும் அதிகம். ஆளைத் தயார் பண்ணினால் மட்டும் போதாது. அந்த ஆளை நம்பி வேலையையும் கொடுக்கணும். இல்லாட்டி ஊர் கொடுத்த மாடெல்லாம் வீண்தான்.

நாளைக்கே நீங்க ஒரு ஆபீசில் சேர்வீங்க. வெளியிலிருந்து ஒரு நிபுணர் வருவார். மூணு நாள் டிரெய்னிங், நல்ல சாப்பாடு, குரூப் போட்டோ, சர்டிஃபிகேட். அதோடு கிளம்பிடாதீங்க பாஸ்! அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காருங்க. கணக்கை எப்படிப் போட்டார், எந்தத் தகவலை நம்பினார், எதை ஒதுக்கினார்னு ஒண்ணுவிடாமக் கேளுங்க. முடிந்தால் முதல் டிராஃப்ட்டை நீங்களே எழுதிக் காட்டுங்க. சிவப்பு மையில் அடிச்சுத் தள்ளுவார். தள்ளட்டுமே!

அவர் ஊருக்குக் கிளம்பின மறுநாள் காலையில், அந்த ஃபைலைத் திறந்து வேலையைத் தொடர உங்களால் முடியுதான்னு பாருங்க. முடிஞ்சா, அடுத்த முறை போன் உங்களுக்குத்தான் வரும்.