மாடலாக விரும்பும் மகள்

"விளம்பரத்திற்கு முகம் காட்டுவது நம் குடும்பத்துப் பெண்ணுக்கு ஆகுமா?" என்று நம் வீடுகளில் கேட்கிறோம். திருச்சியைச் சேர்ந்த அனுகீர்த்தி வாஸ், சென்னை லயோலா கல்லூரியில் பிரெஞ்சு மொழி பயின்றபோதே, 2018-இல் மிஸ் இந்தியா பட்டம் பெற்றார். அவ்வாண்டே சீனாவின் சான்யா நகரில் நடந்த உலக அழகிப் போட்டியில் முதல் 30 பேருள் ஒருவரானார். தனியாக நின்று வளர்த்த தாயார் அவருக்குத் துணையிருந்தார்.

அழகிப் போட்டி நமக்கும் அவ்வளவு உவப்பானதன்று. பெண்ணுக்கு மதிப்பெண் இடுவது என்ன வழக்கமோ! ஆயினும் அடியோடு தடுத்தால் மகள் ஒளித்துப் போவாள். அப்போது ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவும், ஏமாற்றுக்காரனை இனங்காணவும் அவளருகில் யார் இருப்பார்? நம் கடலில் அரசு கடைசியாக முத்துக்குளிப்பு நடத்திய 1961-இலும், மூழ்கியவனின் கயிற்றைத் தோணியில் ஒருவன் பிடித்துக்கொண்டுதானே நின்றான்? பெற்றோரே, படப்பிடிப்புக்கு நீங்களும் உடன் செல்லுங்கள்.