இரண்டாவது காப்பி

மயிலாப்பூர்க்காரர் ஒருவரிடம், 'இன்னொரு காப்பி சாப்பிடறீங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்று சொல்லவே மாட்டார். அதே மனிதரிடம், 'உங்க கம்ப்யூட்டர்ல இருக்கறதுக்கெல்லாம் இன்னொரு காப்பி இருக்கா?' என்று கேளுங்கள். பேய் முழி முழிப்பார். 'எதுக்கு சார், நல்லாத்தானே ஓடிட்டிருக்கு' என்பார்.

எல்லா ஹார்ட் டிஸ்க்கும் நின்று போவதற்கு முந்தின நாள் வரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம். கண்ணாடி மாதிரி பளபளக்கும் தட்டுகள் நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றுகின்றன. 7,200 என்றால் விநாடிக்கு 120 தடவை. தட்டுக்கு மேலே, படித்து எழுதும் ஊசிமுனை சில நானோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. ஒரு சாதாரண தூசி இந்த இடைவெளியைப் போல நூறு, ஆயிரம் மடங்கு பெரிசு. தட்டுகளைத் தாங்கிச் சுழல்கிறது ஒரு அச்சு. முன்பெல்லாம் அதற்குக் குட்டிக் குண்டுகள் போட்ட பேரிங். 2000-க்குப் பிறகு மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கும் பேரிங். சத்தம் குறைவு, உழைப்பு அதிகம். ஆனால் ஓடும்போது ஒரு தடவை கீழே விழுந்தாலோ, எண்ணெய் கசிந்தோ வற்றியோ போனாலோ உலோகமும் உலோகமும் உரசிக் கவ்விக்கொள்ளும். அச்சு இறுகிவிடும். மோட்டார் சுழற்றப் பார்க்கும், முடியாமல் 'ங்ங்...' என்று முனகும், விட்டுவிடும். அவ்வளவுதான் கதை.

தட்டில் எழுதியது எதுவும் அழியவில்லை. கல்யாண போட்டோ, பேத்தியின் முதல் பேச்சு, வீட்டுப் பத்திரத்தின் ஸ்கேன், பாதி எழுதிய நாவல் எல்லாம் அப்படி அப்படியே பத்திரமாக இருக்கின்றன. சுற்றினால்தான் படிக்க முடியும். சுற்ற மறுக்கிறது. பூட்டின வீட்டுக்குள் எல்லாம் இருக்கிறது, சாவி உடைந்துவிட்டது.

இப்போது நீங்கள் டிஸ்க்கை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போகிறீர்கள்.

"சார், உள்ள மோட்டார் ஜாம். திறந்து பாத்தா சொல்லலாம்."

"எடுத்துரலாமா தம்பி?"

"ட்ரை பண்ணலாம் சார்."

இந்த 'ட்ரை பண்ணலாம்' என்கிற வார்த்தையின் மீதுதான் எனக்குக் கோபம். எங்கே வைத்துப் பண்ணப் போகிறார்கள்? பஜ்ஜி வாசனையும் வெளியே ஆட்டோ புகையும் கலந்து வருகிற, தலைக்கு மேல் ஃபேன் ஓடுகிற ஒரு மேஜையில். இந்த வேலைக்கு என்று சுத்த அறை இருக்கிறது. அதன் கணக்கு என்ன தெரியுமா? 'கிளாஸ் 100' என்று சொல்கிற அறையில், ஒரு கன அடி காற்றில் அரை மைக்ரான் அளவோ அதற்கு மேலோ உள்ள துகள்கள் 100-க்கு மேல் இருக்கக்கூடாது. நம் தெருவில் ஒரு கன அடிக்கு எத்தனை துகள் என்று எண்ண ஆரம்பித்தால் இந்தப் பத்திரிகையின் அடுத்த இதழ் வந்துவிடும்.

முறையாகச் செய்கிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, இறுகினது அச்சா, அல்லது ஊசிமுனை தட்டில் ஒட்டிக்கொண்டதா என்பது. இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே முனகல்தான். ஒட்டிக்கொண்டது தெரியாமல் தட்டைத் திருகினால் முனை பிய்ந்துவிடும், தட்டில் கீறல் விழும். கீறின இடத்தில் இருந்த டேட்டாவைப் பிரம்மா வந்தாலும் எடுக்க முடியாது. அச்சுதான் இறுகியது என்று உறுதியானால், சிலவற்றில் தனிக் கருவி வைத்துத் தளர்த்துவார்கள். இல்லையென்றால் அதே மாடல் டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, நம் தட்டுகளை அதற்கு மாற்றுவார்கள். தட்டுகள் ஒன்றுக்கு மேல் இருந்தால் அவை ஒன்றுக்கொன்று இம்மியும் விலகாமல் சேர்த்துத் தூக்க வேண்டும். பிறகு ஓடவிட்டு, முழு டிஸ்க்கையும் வேறொன்றில் அப்படியே நகல் எடுத்து, அந்த நகலில்தான் ஃபைல்களைத் தேடுவார்கள். ஆயிரக்கணக்கில், சமயத்தில் பல பத்தாயிரங்களில் செலவாகும். நியாயமான செலவுதான். அது கம்ப்யூட்டர் ரிப்பேர் இல்லை, ஆபரேஷன்.

இதை ஏதோ நடக்காத விஷயம் என்று நினைக்க வேண்டாம். 2003 பிப்ரவரி 1-ம் தேதி கொலம்பியா விண்கலம் சிதறி, கல்பனா சாவ்லாவோடு 7 பேர் இறந்தார்களே, அதில் ஒரு விஞ்ஞானப் பரிசோதனையின் முடிவுகளோடு 400 மெகாபைட் ஹார்ட் டிஸ்க் ஒன்றும் விழுந்தது. சில மாதங்கள் கழித்துத்தான் அது கண்டெடுக்கப்பட்டது. கருகி, உருகி, உள்ளே தூசி புகுந்து கிடந்த அந்த டிஸ்க்கின் தட்டுகளைக் கழற்றி, சுத்தம் செய்து, வேறொரு டிஸ்க்கில் பொருத்திக் கிட்டத்தட்ட 99 சதவிகிதத்தை மீட்டார்கள். அந்த ஆராய்ச்சி 2008-ல் வெளியானது. வானத்திலிருந்து விழுந்த டிஸ்க்கையே மீட்டார்கள், அலமாரியிலிருந்து விழுந்ததை மீட்க முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். அதை யாரும் நடுவில் ஸ்க்ரூ டிரைவர் போட்டுத் திறந்திருக்கக்கூடாது. அதே விபத்தில் கிடைத்த வேறு டிஸ்க்குகளிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கடைக்குப் போகாத புத்திசாலிகள் இன்னொரு ரகம். பாலிதீன் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைப்பார்கள். பழைய காலத்து டிஸ்க் ஒன்றிரண்டு இதனால் பிழைத்தது என்று ஒரு நம்பிக்கை. வெளியே எடுத்ததும் சென்னை ஈரக்காற்று தட்டின் மேல் பனித்துளியாகப் படியும். அதோடு கரன்ட் கொடுத்தால் சமாதிதான். மேஜையில் தட்டுவது, சுழற்றி ஆட்டுவது எல்லாம் இதே ஜாதி வைத்தியம். முனகல் கேட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. கரன்ட்டை நிறுத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

கடைப் பையன்களை மட்டும் திட்டிவிட்டு முடித்துக்கொண்டால் அது அயோக்கியத்தனம். ரிச்சி தெருவில் தெரியாததைத் தெரியாது என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற கைதேர்ந்த மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். பெரிய குற்றவாளிகள் டிஸ்க் செய்து விற்கும் கம்பெனிகள். வாரன்ட்டி அட்டையைப் படித்துப் பாருங்கள். பெட்டிக்கு இரண்டு வருஷம், மூன்று வருஷம் உத்தரவாதம். பெட்டிக்குள் இருப்பதற்கு ஒரு நிமிஷம்கூடக் கிடையாது. டேட்டா வேண்டுமென்று கண்ட இடத்தில் திறந்தால் சீல் போச்சு, வாரன்ட்டி போச்சு. புது டிஸ்க் வேண்டுமென்றால் பழையதை, உங்கள் குடும்ப போட்டோக்களோடு, முன்பின் தெரியாத யாரோ ஒருவரிடம் கொடுத்துவிட வேண்டும். மாத்திரை அட்டையில் காலாவதி தேதி போடச் சொல்கிற நாம், 'இது ஒரு நாள் நிற்கும், இன்னொரு காப்பி வையுங்கள்' என்று டிஸ்க்கின் நெற்றியில் கொட்டை எழுத்தில் தமிழில் அச்சடிக்க ஏன் சொல்லவில்லை?

அடுத்த குற்றவாளி நாம்தான். கல்யாண வீடியோவுக்கு ட்ரோன் விடுகிறோம். சில ஆயிரம் ரூபாய்க்கு இரண்டாவது டிஸ்க் வாங்கச் சொன்னால் 'அப்புறம் பாக்கலாம்' என்கிறோம். கச்சேரி ரசிகர்கள் இதைவிடப் பெரிய பாவம் செய்கிறார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தின ஸ்பூல் டேப்பையும் கேசட்டையும் பொறுமையாக டிஜிட்டல் ஆக்கி, ஒரே டிஸ்க்கில் போட்டு, 'இடத்தை அடைக்குதே' என்று டேப்பைக் காயலான் கடைக்குப் போடுகிறார்கள். அன்றைய வித்வான் திரும்பி வந்து பாடப் போவதில்லை. அந்த டிஸ்க் இறுகினால் போவது ஒரு வீட்டுச் சொத்து மட்டுமில்லை.

'நான் இரண்டு காப்பி வெச்சிருக்கேனே' என்று சிலர் சொல்வார்கள். எங்கே? அதே மேஜையின் கீழ்த்தட்டில். 2015 டிசம்பர் 1-ம் தேதி ராத்திரி அடையாறு பெருகிக் கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் வீட்டுக்குள் வந்தபோது, எது அசல், எது நகல் என்று தண்ணீர் கேட்கவில்லை. காப்பி இன்னொரு பின்கோடில் இருக்க வேண்டும். 600004-ல் குடியிருந்தால் 600017-ல் இருக்கும் தங்கை வீட்டில் ஒன்று. இன்டர்நெட்டில் எங்காவது ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. எஸ்.எஸ்.டி.யில் சுற்றுகிற பாகமே இல்லையே என்று நிம்மதி அடையாதீர்கள். அது முனகாமலே போய்ச் சேரும்.

இது ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்த புத்தி இல்லை. சங்க இலக்கியம் நமக்குக் கிடைத்தது பனையோலை சாகாவரம் பெற்றதால் அல்ல. ஓலை மிஞ்சி மிஞ்சிப் போனால் சில நூற்றாண்டு தாங்கும். செல்லரிப்பதற்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து இன்னொரு ஓலையில் எழுதினார். அவர் பேரன் மறுபடி எழுதினான். உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்தது எதற்கு? ஒரு நூலுக்குப் பல பிரதிகள் தேடித்தான். ஒன்றில் விட்டுப்போன வரி இன்னொன்றில் இருந்தது. எவருடைய வீட்டிலும் இரண்டாவது பிரதி இல்லாத நூல்கள் இன்று வெறும் பெயராக மட்டும் இருக்கின்றன. அவர் பெயரில் 1943-ல் தொடங்கிய நூலகம் பெசன்ட் நகரில் இருக்கிறது. ஒரு நாள் போய்ப் பாருங்கள். எழுதிய எவரும் ஓலையை நம்பவில்லை, நகலை நம்பினார்கள் என்பது புரியும்.

நாம் வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்குக் கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம் வைக்கிறோம். பொட்டு வைப்பதற்கு முன்னால் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். மறுநாள் விஜயதசமியன்று அந்தக் காப்பியிலிருந்து நாலு ஃபைலைத் திறந்து பாருங்கள். திறக்காத காப்பி, காப்பி இல்லை. திறந்தால், அதைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குக் கிளம்புங்கள். அங்கேயும் காப்பி கொடுப்பார்கள்.