"சமாளிக்கிறோம்" என்று எழுதாதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் உடம்பு முடியாதவங்க இருந்தால் முழுசா படிங்க. இல்லையென்றால் தெரிஞ்சவங்களுக்கு அனுப்பி விடுங்க.

எங்க ஆலயத்தில் அன்னதானத்துக்கு வெங்காயம் நறுக்குற அதே மேசையில்தான், பூஜை முடிந்த பிறகு பாரமும் நிரப்பித் தருகிறோம். ஓகேயூ கார்டு, ஜேகேஎம் உதவித் தொகை, சொக்சோ பென்ஷன், இபிஎஃப் பணம் எடுப்பது, இப்படி. பெயர், ஐசி நம்பர், விலாசம் எல்லாம் சுலபம். கூடவே "உங்கள் நிலையை விளக்கி ஒரு சூராட் கொண்டு வாங்க" என்று சொல்வாங்க பாருங்க, அங்கேதான் நம்ம ஆட்கள் தடுமாறுறாங்க.

எங்களிடம் வரும் கடிதங்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, கும்பிடு போடும் கடிதம். "துவானின் ஜாசா பாயிக்கை என்றும் மறக்க மாட்டேன்" என்று ஒரு பக்கம் முழுக்கப் போகும். என்ன நோய், எதைச் செய்ய முடியவில்லை என்று ஒரு வரி இருக்காது. இன்னொன்று, ரோஷக் கடிதம். "கடவுள் புண்ணியத்தில் ஏதோ சமாளிக்கிறோம், உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்." இரண்டையும் படிக்கும் அதிகாரிக்கு உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. சமாளிக்கிறோம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், அவரும் சமாளிக்கிறாங்க என்றுதான் எழுதி வைப்பார்.

எங்கள் கருத்து இதுதான். அந்தக் கடிதத்தில் கெஞ்சவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நடப்பதை நடப்பபடி எழுதுங்கள்.

முதலில் ஒன்று தெரிஞ்சுக்கணும். நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008-லேயே வந்துவிட்டது. கேட்கும் திறன், பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு என்று ஏழு பிரிவில் பதியலாம். டாக்டர் உறுதிப்படுத்த வேண்டும். கார்டு கிடைத்ததும் மாசா மாசம் காசு வரும் என்று பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. பணத்துக்குத் தனியாக மனு போடணும், வருமான நிபந்தனையும் உண்டு. 2021 பட்ஜெட்டில், குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் ஓகேயூவுக்கு மாதம் 450 வெள்ளி, வேலை செய்யவே முடியாத ஓகேயூவுக்கு 300 வெள்ளி, படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்க 500 வெள்ளி என்று உயர்த்தினாங்க. பெரிய தொகை இல்லைதான். ஆனால் டையாப்பர் வாங்கும் வீட்டுக்கு 500 வெள்ளி என்றால் என்ன என்று வாங்குறவங்களைக் கேளுங்க.

இங்கே கவனிங்க. ஒவ்வோர் இலாகாவும் கேட்கும் கேள்வி வேற. சொக்சோவின் இலாட் பென்ஷனுக்கு, சந்தா கட்டிய கணக்கு பார்ப்பதோடு, வழக்கமான சம்பாத்தியத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது இவரால் இனி சம்பாதிக்க முடியுமா என்று பார்ப்பாங்க. ஜேகேஎம் வீட்டு வருமானத்தையும், யார் யாரைப் பார்த்துக்கிறாங்க என்பதையும் பார்க்கும். அதனால் ஒரே கடிதத்தை ஃபோட்டோஸ்டேட் எடுத்து எல்லா கவுண்டரிலும் நீட்டினால் சரிவராது.

ஓர் உதாரணம் சொல்றோம். லோரி ஓட்டிய ஓர் அண்ணன் என்று வைத்துக்கொள்வோம். "எனக்கு இனிப்பு நீர், கால் விரல் எடுத்தாச்சு, ரொம்ப வலி" என்று எழுதினால், அது டாக்டர் சூராட்டிலேயே இருக்கு. அவர் எழுத வேண்டியது வேற: "22 வருஷம் லோரி ஓட்டினேன். இப்போ லோரிப் படியில் ஏற முடியவில்லை. கால் மரத்துப் போவதால் பிரேக் மிதிப்பது தெரிவதில்லை. அரை மணி நேரம் உட்கார்ந்தால் கால் வீங்குகிறது. சாமான் இறக்கும் வேலைக்கும் போக முடியவில்லை." நாலே வரி. நோயின் பெயரை டாக்டர் சொல்லட்டும். அந்த நோய் உங்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது என்பதை நீங்கதான் சொல்ல முடியும்.

வீட்டில் ஸ்ட்ரோக் வந்த அப்பா இருந்தால், ஒரு நாளை எழுதுங்க. காலையில் எழுப்பி உட்கார வைக்க எத்தனை பேர் வேணும்? குளிப்பாட்டுவது யார்? சாப்பாடு ஊட்டணுமா? ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க? மகள் ஃபேக்டரி வேலையை எப்போது விட்டாள், அப்போது சம்பளம் எவ்வளவு? மாசத்துக்கு எத்தனை பாக்கெட் டையாப்பர், ஆஸ்பத்திரி போய் வர கிராப் காசு எவ்வளவு? ரசீது இருந்தால் சேர்த்து வையுங்க. நல்ல நாளும் உண்டு, மோசமான நாளும் உண்டு என்றால் இரண்டையும் சொல்லுங்க. வாரத்தில் இரண்டு நாள் நடப்பார், மற்ற நாள் முடியாது என்றால் அப்படியே எழுதுங்க. கூட்டிச் சொல்லவே வேண்டாம். ஒரு பொய் வெளியே வந்தால் மற்ற உண்மை எல்லாம் வீணாகிவிடும்.

அப்புறம் இந்த வீட்டு விசாரணை. ஆபீசர் வர்றார் என்றதும் நம்ம வீடுகளில் என்ன நடக்கும்? வீட்டைக் கழுவி, மெத்தையை மறைத்து, பெட்பானை பின்கட்டுக்குக் கொண்டுபோய், அப்பாவுக்கு நல்ல சட்டை போட்டு, தேத்தண்ணி பிஸ்கட் வைத்து உபசரிப்போம். "எல்லாம் நல்லா இருக்குங்க சார்" என்று வாய் தானா சொல்லும். விருந்தாளியை வரவேற்பது நம்ம பண்பாடுதான். தேத்தண்ணி கொடுங்க, தப்பே இல்லை. ஆனால் பெட்பான் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கஷ்டம். படிப்பு ஏறாத, பேச்சு வராத பிள்ளையைப் பதியவே சில பெற்றோர் தயங்குறாங்க. "அக்காவுக்குக் கல்யாணம் பேசணும், வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்" என்று பயம். போதாக்குறைக்கு, போன ஜென்மத்துப் பாவம் என்று ஆலய வாசலிலேயே சொல்லும் பெரியவங்களும் இருக்காங்க. அவங்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துறோம். அறுபத்து மூவரில் ஒருவரான தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திருவாரூர்க் குளத்தை அவர் எப்படித் தோண்டினார்? குளத்துக்குள் ஒரு கழி, கரையில் ஒரு கழி நட்டு, நடுவில் கயிறு கட்டி, அதைப் பிடித்துக்கொண்டே மண் சுமந்தார். அந்தக் கயிறு அவருக்கு அவமானமாக இருந்ததா? உதவித் தொகையும் அந்த மாதிரி ஒரு கயிறுதான்.

"டாக்டர் சூராட் இருக்கும்போது எங்க கதையை ஏன் திரும்பத் திரும்பக் கேட்கணும்?" என்று சிலர் கோபப்படுறாங்க. அந்தக் கோபம் நியாயமானதுதான். அடுத்தவர் குளிப்பாட்டி விடுகிறார் என்று முன்பின் தெரியாத ஆளிடம் எழுதிக் கொடுப்பது யாருக்கும் லேசு இல்லை. ஆனால் மருத்துவ அறிக்கையில் மகள் வேலையை விட்டது இருக்காது. அதைச் சொல்ல வேற வழி இல்லை. ஒரு தடவை நிதானமாக எழுதி, பிரதி எடுத்து ஃபைலில் வையுங்க. அடுத்த இலாகாவுக்குப் போகும்போது அதிலிருந்தே தேவையானதை எடுத்து எழுதலாம், முதலிலிருந்து அழ வேண்டியதில்லை.

இதையே ஆலய நிர்வாகங்களுக்கும் பொது இயக்கங்களுக்கும் சேர்த்துச் சொல்றோம். அந்தக் கதை அந்தக் குடும்பத்தின் சொத்து. அதிகாரிக்குத் தெரிய வேண்டியது ஃபேஸ்புக்கில் எல்லாருக்கும் தெரிய வேண்டியதில்லை. ஒரு சக்கர நாற்காலி கொடுத்துவிட்டு, மேடையில் ஏற்றி, மாலை போட்டு, மைக்கில் கண்ணீர் கதை சொல்ல வைத்துப் படம் பிடிப்பதை நிறுத்துங்க. நாங்கள் எழுதித் தரும் கடிதத்தின் பிரதி அவங்க கைக்குத்தான் போகும். எங்களிடம் ஒன்றும் இருக்காது.

மலாய் எழுத வராது என்று பயப்பட வேண்டாம். முதலில் தமிழில் சொல்லுங்க, நீங்க பேசுற மாதிரியே. நாங்கள் எழுதி, மலாயில் மாற்றி, திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டுவோம். "ஆமா, இதுதான் எங்க வீடு" என்று நீங்க சொன்ன பிறகுதான் கையெழுத்து. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை எடுப்பவங்க அங்கே இருக்கும் மருத்துவ சமூகப் பணிப் பிரிவிலும் கேளுங்க. மனு தள்ளுபடி ஆனால் கடிதத்தைக் கிழித்துப் போடாதீங்க. காரணத்தைப் படித்து, மேல்முறையீட்டுக்குக் கெடு போட்டிருந்தால் அதற்குள் ரயுவான் அனுப்புங்க. பலரும் முதல் "இல்லை"யோடு வீட்டுக்குப் போய்விடுறாங்க. அதுதான் எங்களுக்கு ரொம்ப வருத்தம்.

வரும்போது ஐசி, டாக்டர் சூராட், மருந்து அட்டை, சம்பளச் சீட்டு, ரசீது எல்லாம் கொண்டு வாங்க. வெட்கத்தை மட்டும் செருப்போடு வெளியே விட்டுட்டு வாங்க.

திருச்சிற்றம்பலம். 🙏