சோறு என்று சொல்ல நாணமோ?

விழுப்புரத்துத் திருமணக் கூடங்களில் இன்று விருந்தினரை முதலில் எதிர்கொள்வது இலையன்று. 'இசுட்டார்ட்டர்' என்னும் பலகை! அதன்கீழ்க் 'கோபி மஞ்சூரியன்', 'பேபி கார்ன் பிரை' என அயற்பெயர்கள் அணிவகுக்கும். இலைமுன் அமர்ந்தாலோ சோறு இடுவார் எவருமிலர். 'சாதம்' வைப்பாரும் 'ரைசு' வைப்பாருமே உளர். மிளகுச்சாறு 'ரசம்' ஆகிவிட்டது. வீட்டில் பெற்றோரும் மக்களும் கூடியுண்ணும் இரவுணவும் 'டின்னர்' ஆகிவிட்டது. உண்பது தமிழ்மண் விளைத்த நெல். உரைப்பது மட்டும் பிறன்மொழி!

இக்கேடு எந்த மண்ணில் நிகழ்கிறது? திண்டிவனத்தின் ஒரு பகுதியாக இன்றுள்ள கிடங்கில், கழகக் காலத்தில் ஓய்மானாட்டுத் தலைவன் நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடிய இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனாரின் சிறுபாணாற்றுப்படை, இப்பகுதியின் உணவையெல்லாம் ஊர்வாரியாகக் காட்டும் நூல். எயிற்பட்டினத்தில் சுட்ட மீன். வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் சூடும். ஆமூரில் உலக்கையால் குற்றிய அரிசிச் சோறும் நண்டுக் கலவையும். வேடர் குடிலிலும் உழவர் மனையிலும் புலவர் சொன்ன சொல் சோறு என்பதே. அன்று செய்யுளில் வீற்றிருந்த சொல், இன்று இழிசொல்லாம்!

ஊர்ப்பெயரின் கதையும் இதுவே. புளியைக் குறிக்கும் 'திந்திரிணி' என்னும் வடசொல்லோடு 'வனம்' சேர்ந்து திண்டிவனம் ஆயிற்று என்பர். புளிச்சோறு மணந்த நிலம், தன் புளியங்காட்டைத் தன் மொழியில் சொல்ல இயலாமற் போயிற்று.

அந்நூலிலேயே வறுமையின் காட்சியும் உண்டு. பசியால் வாடிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை உப்பின்றி வேகவைத்து, அறியாதார் கண்டுவிடுவாரோ என்று கதவடைத்துச் சுற்றத்தோடு பகிர்ந்துண்டாள். அவள் நாணியது வறுமைக்கு. இன்று வறுமை நீங்கிய வீட்டார் கேழ்வரகுக் கூழுக்கு நாணிக் கதவடைக்கின்றனர். ஆடித் திங்களில் மாரியம்மன் கோயில் முன்றிலில் வரிசையில் நின்று வாங்கிக் குடிக்கும் அதே கூழ், விருந்தினர் வந்தால் அடுக்களைக்குள் ஒளிக்கப்படுகிறது!

"உணவு வெளியிலிருந்து வந்தால் பெயரும் உடன்வரத்தானே செய்யும்?" என்பார் சிலர். வராது! மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. தமிழன் அதன் உறைப்பை அறிந்தான், தன் மிளகோடு ஒப்பிட்டான், மிளகாய் என்றான். நிலக்கடலையும் அங்கிருந்து வந்ததே. 1940-இல் வெளிவந்த 'டி.எம்.வி. 2' என்னும் நிலக்கடலை வகையைத் திண்டிவனம் ஆய்வு நிலையமே நாட்டுக்கு அளித்தது. உருளைக்கிழங்குக்கும் பெயர் நாமே வைத்தோம். எழுத்தறியா உழவரும் பெண்டிரும் பெயர் வைத்தனர். பட்டம் பெற்ற பேரன் அயற்பெயருக்குக் கையேந்துகிறான். நம் மிளகுத்தண்ணீரையே ஆங்கிலேயன் 'மல்லிகடானி' என்று தன் அகரமுதலியில் ஏற்றிக்கொண்டான். அவன் போற்றியதை நாம் மறந்தோம்.

விருந்துக்கு முன்னுண்டி வேண்டுமா? அவித்த நிலக்கடலை, சுண்டல், பணியாரம், கொழுக்கட்டை, அடை, வடை என்று நம் அடுக்களையில் எத்தனை! கேழ்வரகு மாவை நீரிற் கரைத்து ஓரிரவு புளிக்கவிட்டு, நொய்யரிசி வெந்த உலையில் ஊற்றிக் கட்டிபடாமல் துழாவி இறக்கி, மறுநாள் மோரும் உப்பும் சேர்த்துக் கரைத்துச் சின்ன வெங்காயத்தோடு கொடுத்துப் பாருங்கள். சிறு குவளையில் அளிக்கும் அக்கூழுக்கு எந்த விருந்தும் இழிவு சொல்லாது.

மறைமலையடிகள் 1916-இல் தொடங்கிய தனித்தமிழ்ப் பணி நூலிலும் மேடையிலும் வென்ற அளவிற்கு அடுக்களையில் வெல்லவில்லை. குழந்தை முதலில் கற்பது பள்ளியில் அன்று, உண்கலத்தின் முன்னே. அங்கே சோறு மறைந்தால், நாளை அச்சொல் அகரமுதலியில் மட்டுமே கிடக்கும்.

தமிழ்ப் பெற்றோரே! உங்கள் இல்லத் திருமணத்தின் உணவுப் பட்டியலைத் தமிழில் எழுதுங்கள். சமையற்காரரிடம் பருப்புக்குழம்பு, மிளகுச்சாறு என்றே சொல்லுங்கள். இன்றிரவு உண்ண அமரும்போது மக்கள் காதில் விழ, வாய்நிறையக் கேளுங்கள்: "சோறு போடு!"