நேபாளம் போய் தாராபுரத்தை ஜெயித்த கதை

தீபாவளி லீவுக்கு பெங்களூர்ல இருந்து ஊருக்குப் போயிருந்தேன். எங்க வீதி முக்குல பெரிய ஃப்ளெக்ஸ். "உலக சாம்பியன்"னு கொட்டை எழுத்து, பின்னாடி இமயமலை, ஓரத்துல தேசியக்கொடி. நடுவுல கழுத்துல மெடல், கையில சிலம்பக் கம்போட எங்க பக்கத்து வீட்டுப் பொடியன். ஆறாவது படிக்கிறான். பொய் சொல்ல மாட்டேன், பெருமையாத்தான் இருந்துச்சு.

சாயங்காலம் அவனைப் பிடிச்சு, "ஃபைனல்ல உன் கூட ஆடுனது யாருடா?"ன்னு கேட்டேன்.

"தாராபுரத்துப் பையன்ணா."

"சரி, செமி ஃபைனல்?"

"செமி எல்லாம் இல்லீங்ணா. எங்க வெயிட்ல மூணே பேருதான். இன்னொருத்தன் எங்க கிளாஸ்தான்."

திருப்பூர்ல இருந்து தாராபுரம் பஸ்ஸுல ஒண்ணரை மணி நேரம். அந்தப் பையனை ஜெயிக்க இவன் ராப்திசாகர் எக்ஸ்பிரஸ்ல ரெண்டு நாள் போல உக்காந்து கோரக்பூர் போயி, அங்கிருந்து பஸ்ல சோனௌலி எல்லையைத் தாண்டி, பொக்கரா போயிருக்கான். நேபாளத்துக்கு நமக்கு பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். ரயில் டிக்கெட்தான் செலவு. ஆனா திரும்பி வந்தா "சர்வதேசப் போட்டி"ன்னு போட்டுக்கலாம். ஐடியா பண்ணவன் மூளைக்காரன்.

சும்மா இல்லைங்க, 28,000 ரூபா. பையனோட அப்பா ஓவர்லாக் டைலர், பீஸ் ரேட். கம்பெனியில அட்வான்ஸ் வாங்கிக் கட்டியிருக்கார். சனிக்கிழமை சம்பளத்துல வாராவாரம் பிடிச்சுக்கறாங்க.

இங்க ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கறேன். போன வருஷம் மூணு மாசம் டப்ளின்ல ஆன்சைட். பக்கத்து சீட்டுல பொட்டி தட்டுற ஒருத்தன் அடிக்கடி திங்கட்கிழமை கைவிரல்ல கட்டோட வருவான். கேட்டா ஹர்லிங். நம்ம சிலம்பம் மாதிரி அதுவும் கம்பு சமாச்சாரம்தான், ஆனா பந்தாட்டம். சாம்பல் மரத்துல செஞ்ச மட்டையால சின்னப் பந்தை வானத்துல விளாசுவாங்க. பந்து கோல் வலைக்குள்ள போனா 3 பாயிண்ட், பாருக்கு மேல போனா 1. 2018ல யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியல்ல சேத்துக்கிட்டாங்க. 1884ல ஆரம்பிச்ச சங்கம் இன்னிக்கும் நடத்துது. ஆச்சரியம் என்னன்னா, 82,000 பேர் கொள்ளுற குரோக் பார்க்ல ஃபைனல் ஆடுறவனுக்கும் சம்பளம் கிடையாது! வாத்தியார், கொத்தனார், எஞ்சினியர்னு எல்லாரும் வேற வேலை பாத்துக்கிட்டே ஆடுறவங்க.

இந்தச் சங்கத்துக்கு பிரஸ்ஸல்ஸ், பாரிஸ், லக்ஸம்பர்க்னு வெளிநாட்டுலயும் கிளப்புங்க உண்டு. சனிக்கிழமை ஒரு டோர்னமெண்ட்டுக்காக இன்னொரு நாட்டுக்கு சொந்தக் காசுல டிக்கெட் போட்டுப் போவாங்க. முறைப்படி 15 பேர் ஆடணும், ஆள் சேராததால குறைச்ச ஆளோட ஆடுவாங்க. தோத்தாலும் ராத்திரி ஒண்ணா உக்காந்து குடிச்சிட்டுத் திரும்புவாங்க. நம்மாளும் பிரஸ்ஸல்ஸ் போயிட்டு வந்து, "எல்லா மேட்ச்சும் அவுட்டு, செம வீக்கெண்டு"ன்னான். "அயர்லாந்துக்காக ஆடுனேன்"னு ஒரு வார்த்தை சொல்லலை. கிளப் பேரைத்தான் சொன்னான்.

என் பிரச்சினை இதுதான். சொந்தக் காசுல வெளிநாடு போய் ஆடுறது தப்பே இல்ல. விளையாட்டோட பாதி சுகமே ரயில் பயணத்துல இருக்கு. "நேபாளம் டூர் போறோம், அங்க ஒரு போட்டியும் இருக்கு, இஷ்டமிருந்தா வாங்க"ன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனா நானே முதல் ஆளா காசு குடுப்பேன். ஆனா "உங்க பையன் இந்தியாவுக்கு செலக்ட் ஆயிட்டான்"னு சொல்றாங்களே, அங்கதான் எரியுது. பணம் கட்டுன அத்தனை பேரும் செலக்ட். கட்டாதவன் மட்டும் ரிஜெக்ட். கிளாஸ்லயே நல்லா சுத்துற இன்னொரு பையன் இருக்கான், அவங்க அம்மா செக்கிங் வேலைக்குப் போறாங்க. அவன் போகலை. இப்ப அவன் சாதா பையன், இவன் உலக சாம்பியன்.

இந்த சர்டிபிகேட்டை வெச்சு ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்கும்னு வேற சொல்லி வெச்சிருக்காங்க. அங்கீகாரம் இருக்கிற சங்கம் நடத்தி, முறையா அணி தேர்வு பண்ணியிருந்தாத்தான் அதெல்லாம் செல்லும். சிலம்பத்துக்கு நல்ல காலம் வராமயும் இல்ல. முதலமைச்சர் கோப்பையில பள்ளிப் பசங்களுக்கு சிலம்பம் இருக்கு, பரிசுப் பணமும் உண்டு. 2024 ஜனவரியில தமிழ்நாட்டுல நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுல காட்சிப் போட்டியா வெச்சாங்க. அங்க மாவட்டத்துல தோத்தாக்கூட, நிஜமா ஆடித் தோத்ததா இருக்கும். வருஷத்துக்கு 30,000 கோடிக்கு மேல பனியன் ஏற்றுமதி பண்ற ஊருல, ரெண்டு பசங்களோட வழிச்செலவுக்கு ஒரு ஸ்பான்சர் கிடைக்காதாங்கறது தனிப் பதிவுக்கான புலம்பல்.

இதையெல்லாம் அவங்க அப்பாகிட்ட மூச்சு விடாம சொன்னேன். பொறுமையா கேட்டார். "எனக்கும் தெரியாம இல்லீங் தம்பி. மூணு பேர்ல ஜெயிச்சான்னு அவனே சொல்லிட்டான். நான் இருவது வருஷமா இந்த மெஷினை விட்டு ஈரோடு தாண்டலை. அவன் பனிமலையைப் பாத்துட்டு வந்துட்டானுங். பள்ளிக்கூடத்துல மேடையேத்தி கை தட்டுனாங்க"ன்னார். அதுக்கு மேல நான் என்னத்த பேசறது? காபி குடிச்சிட்டு வந்துட்டேன்.

நேத்து போன் பண்ணார். அடுத்த நோட்டீஸ் வந்துருச்சாம், மலேசியா. அங்க நம்ம தமிழாளுங்க சிலம்பம் நிஜமாவே ஆடுறவங்க, அதனால இது உண்மையான போட்டியாக்கூட இருக்கலாம். "பையனுக்கு பாஸ்போர்ட் எடுக்கணும், ஆன்லைன்ல நீங்கதான் ஃபார்ம் போட்டுத் தரணும் தம்பி"ங்கறார். போட்டி நடத்துறது எந்தச் சங்கம்னு கேட்டுச் சொல்லுங்கண்ணான்னு சொல்லி வெச்சிருக்கேன். மாஸ்டர்கிட்ட கேக்கறேன்னவர் இன்னும் கூப்பிடலை. ஃபார்மைத் திறந்து பேரு, பிறந்த தேதி வரைக்கும் அடிச்சு வெச்சிருக்கேன்.

நீங்களா இருந்தா போட்டுக் குடுப்பீங்களா மக்களே?