மேடை வேண்டாம், பதில் வேண்டும்

படைப்புவாதிகளுக்கு அறிவியலாளர்கள் பதில் சொல்ல வேண்டுமா? ‘சொன்னால் அவர்களுக்குத்தான் மதிப்பு கூடும்’ என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் உண்டு. ரிச்சர்டு டாக்கின்ஸும் ஸ்டீபன் ஜே கோல்டும் மேடை விவாதங்களை மறுத்தது இதனால்தான். மேடையைப் பொறுத்தவரை அது சரி. பொய்யைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அதை உடைக்க ஒரு மணி நேரம் வேண்டும். கைதட்டலை எண்ணி உண்மையை முடிவு செய்ய முடியாது.

ஆனால் மேடையை மறுப்பது வேறு, வாய்மூடி இருப்பது வேறு. அமெரிக்காவின் டோவர் பள்ளி வாரியம் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ என்ற முகமூடியோடு படைப்புவாதத்தை வகுப்பறைக்குள் நுழைத்தபோது பெற்றோர்கள் வழக்குத் தொடுத்தார்கள். உயிரியலாளர் கென்னத் மில்லர் சாட்சி சொன்னார். அது அறிவியல் அல்ல என்று 2005 டிசம்பரில் தீர்ப்பு வந்தது.

இங்கே நிலைமை என்ன? குரங்கு மனிதனாவதை யாரும் பார்க்கவில்லை, டார்வின் சொன்னது தவறு, பாடத்தை மாற்ற வேண்டும் என்று 2018இல் ஒன்றிய இணையமைச்சர் சத்யபால் சிங் பேசினார். மூன்று அறிவியல் கழகங்கள் கூட்டறிக்கை விட்டு மறுத்தன. 2023இல் என்.சி.இ.ஆர்.டி.யின் பத்தாம் வகுப்பு நூலில் பரிணாமப் பாடமே இல்லை, காரணம் ‘பாடச்சுமை’யாம்! பதினொன்றில் உயிரியல் எடுக்காத பிள்ளை அதைப் படிக்காமலே பள்ளியை முடித்துவிடும். 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். நல்லது, ஆனால் போதாது.

ஏனெனில் நம் நாட்டின் படைப்புக்கதை ஆதாம் ஏவாளோடு நிற்பதில்லை. வாயிலிருந்து பார்ப்பனரும் காலிலிருந்து சூத்திரரும் பிறந்ததாகச் சொல்கிறது புருஷ சூக்தம். அண்ணல் அம்பேத்கர் 1946இல் ‘சூத்திரர்கள் யார்?’ நூலை அந்தச் சூக்தத்தை அலசித்தான் தொடங்கினார். அவருக்குத் தெரிந்தது நம் ஆய்வகங்களுக்குத் தெரியவில்லை: இங்கே படைப்புவாதம் என்பது சாதியின் பிறப்புச் சான்றிதழ்.

அதைக் கிழிக்கும் சான்று அறிவியலிடம் இருக்கிறது. சுமார் 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இத்துணைக்கண்டத்து மக்கள் பரவலாகக் கலந்தார்கள், அகமணம் இறுகியது அதன் பிறகே என்கிறது 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வு. அதாவது, சாதி படைக்கப்பட்டதல்ல. மனிதர்கள் போட்ட வேலி.

இந்தச் செய்தி ஆங்கில ஆய்விதழோடு முடங்கிக் கிடப்பது யாருக்கு வசதி? ஆய்வாளத் தோழர்களே, படைப்புவாதியோடு மேடையேறாதீர்கள். அவன் குறிவைக்கும் பிள்ளைகளிடம் போங்கள். அரசுப் பள்ளியில், விடுதியில், படிப்பகத்தில், தமிழில் பேசுங்கள்.